டபுள் கப்புக்கு மூன்று வருத்தம் இல்லை, தம்பி

முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து 31 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டு, விசயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவின் வயல் முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே இருக்கிறது. உரமும் நெல் மூட்டையும் ஏற்றவும், அம்மாவை மாதத்தில் ஒரு தடவை மாஞ்சோலை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போகவும் போன புரட்டாதியில் ஒரு பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கப் வாங்கினார். 3எல் என்ற வகை டீசல் எஞ்சின், நாலு சில்லும் இழுக்கிற வண்டி. மார்கழி மழையில் வெள்ளம் மூடிய ஒரு பாலத்தைக் கடக்கும்போது நடுத் தண்ணீரில் எஞ்சின் நின்றது. உழவு இயந்திரத்தால் இழுத்து எடுத்து, அரை மணித்தியாலம் கழித்து ஸ்ராட் பண்ணியபோது இயங்கியது. அதற்குப் பிறகுதான் தொல்லைகள் தொடங்கின. பற்றரி இறங்குகிறது, இரண்டு பற்றரி மாற்றிவிட்டார், ஒவ்வொன்றும் 40,000 ரூபாய்க்குக் கிட்ட. வயல் பாதையில் சூடு முள் மேலே ஏறுகிறது. நாலு சில்லுக் கியர் போட்டாலும் முன்சில்லு இழுப்பதில்லை, சிலவேளை கியர் தடி இறுகி எடுபடாமல் நிற்கிறது. அத்தான் தெர்மோஸ்ராற்றைக் கழற்றி எறியச் சொல்கிறார். ஒரு கராஜில் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடுகிற பகுதி) போய்விட்டது, வேறு எஞ்சின் இறக்குவதுதான் வழி என்று சொல்லியிருக்கிறார்கள். "தண்ணியில இறங்கின நாளிலிருந்து வண்டியின்ர கரண்ட் எல்லாம் பழுது. வித்துப்போட்டுத் தலைமுழுகவோ?" என்று கேட்கிறார்.

கடைசிப் பக்கத்தின் அடியில், முகவரிக்கு மேலே, ஒரு வரி: "மற்றது, பிறேக் இப்ப கல்லு மாதிரி இருக்கு. ஷூ மாத்தினனான், சரிவரேல்லை. அது பிறகு பாப்பம்."

தம்பி, உங்கள் கடிதத்தை நான் அந்தக் கடைசி வரியிலிருந்துதான் தொடங்கவேண்டும். 26 வருடமாக வண்டிகளுக்குக் கீழே படுத்து வேலை செய்கிறவன், இப்போது பெடியங்களுக்கு அந்தத் தொழிலைப் படிப்பிக்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இதை வாசித்து முடிக்கும்வரைக்கும் அல்ல, பிறேக்கைச் சரிபார்க்கும்வரைக்கும் அந்த வண்டியை வளவை விட்டு வெளியே எடுக்காதீர்கள். ஏ34 வீதி இப்போது காப்பெற் வீதி. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு எல்லோரும் வேகமாகத்தான் போகிறார்கள். மாடு குறுக்கே வரும், இரவில் யானை வரும். அம்மா பக்கத்துச் சீற்றில் இருக்கும்போது கல்லுப் பிறேக்கில் இரண்டு காலாலும் ஏறி மிதிக்கிற நிலை உங்களுக்கு வரக்கூடாது.

பிறேக்கும் பற்றரியும் ஒரே வீட்டுக்காரர்

பிறேக் மிதி கல்லாக இறுகினால் ஷூவையோ பாட்டையோ மாற்றுவதால் அனேகமாகப் பிரயோசனம் இல்லை. உங்கள் காலுக்கு உதவி செய்கிற பூஸ்ரர் என்ற வட்டப் பானை எஞ்சின் அறையின் பின்சுவரில் இருக்கிறது. அது வேலை செய்யக் காற்று உறிஞ்சப்பட்ட வெற்றிடம் வேண்டும். பெற்றோல் எஞ்சினில் அந்த வெற்றிடம் எஞ்சினின் உறிஞ்சு குழாயிலேயே கிடைத்துவிடும். டீசலில் அப்படிக் கிடைக்காது. அதனால் தனியாக ஒரு வக்யூம் பம்ப் பூட்டுவார்கள். உங்களுடைய 3எல் எஞ்சினில் அந்தப் பம்ப் எங்கே இருக்கிறது தெரியுமா? டைனமோவின் முதுகில். டைனமோ சுற்றும்போது அதே தண்டில் பம்பும் சுற்றும். அதற்கு எஞ்சின் ஒயில் ஒரு சிறு குழாயால் வந்து, இன்னொரு குழாயால் கீழே இறங்கிப் போகும்.

இப்போது உங்கள் கடிதத்தைத் திரும்பப் பாருங்கள். பற்றரி சார்ஜ் ஆகவில்லை: அது டைனமோவின் வேலை. பிறேக் இறுகுகிறது: அது டைனமோவின் முதுகில் இருக்கும் பம்பின் வேலை. மெதுவாக, பாரத்தோடு ஓடும்போது சூடு ஏறுகிறது: அது காற்றாடியினதும் தண்ணீர்ப் பம்பினதும் வேலை. இவை எல்லாவற்றையும் சுற்றுவது முன்னுக்கு இருக்கிற இரட்டைப் பெல்ற். இரண்டாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், "விடிய ஸ்ராட் பண்ணினதும் குருவி கத்தின மாதிரி ஒரு சத்தம், பிறகு நிண்டிடும்" என்று. அது பெல்ற் வழுக்குகிற சத்தம். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்ராட் பண்ணியதும் பற்றரி நிறையக் கரண்ட் இழுக்கும், டைனமோ பாரமாகும், தளர்ந்த பெல்ற் அதைச் சுற்ற முடியாமல் கத்தும்.

வெள்ளத்துக்குள் இறங்கியபோது சேறு கலந்த தண்ணீர் பெல்ற்றிலும் கப்பியிலும் அடித்திருக்கும். அந்த மணல் பெல்ற்றின் இரண்டு பக்கத்தையும் தீட்டிப் பளபளக்க வைத்துவிடும். ரோச் லைற் அடித்துப் பாருங்கள். பெல்ற்றின் பக்கங்கள் கண்ணாடி மாதிரி மினுங்கினால் அது முடிந்த கதை. நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் உள்ளே போகவேண்டும். அதற்குமேல் தொய்ந்தால் இறுக்க வேண்டும். இரட்டைப் பெல்ற்றில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். புதியது பாரத்தையெல்லாம் தாங்க, பழையது சும்மா ஓடும்.

பெல்ற் நன்றாக இருந்தும் பிறேக் இறுக்கமென்றால் அடுத்து டைனமோவின் பின்பக்கம். போன வருடம் மல்லாவியிலிருந்து ஒரு அண்ணை இதே எஞ்சினோடு ஒரு வண்டி கொண்டுவந்தார். அவரும் மூன்றாவது பற்றரியில் நின்றார். டைனமோவைக் கழற்றி மேசையில் வைத்தபோதே அடியிலிருந்து ஒயில் சொட்டியது. உள்ளே பிரஷ் இருக்கிற இடத்தில் கரித்தூளும் ஒயிலும் சேர்ந்து மை மாதிரிக் கறுத்த களியாக நின்றது. பம்பின் சீல் தேய்ந்து, எஞ்சின் ஒயில் டைனமோவுக்குள் இறங்கியிருந்தது. பிரஷ் மிதந்துகொண்டிருந்தால் கரண்ட் எங்கிருந்து வரும்? சீல், பிரஷ், பெயரிங் மாற்றி, ஒயில் இறங்கும் குழாயைச் சுத்தம் செய்து பூட்டினோம். பழைய பற்றரியிலேயே அவர் வீட்டுக்குப் போனார்.

பூஸ்ரரை வீட்டிலேயே சோதிக்கலாம். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பிறேக்கை ஐந்து தடவை மிதியுங்கள். மிதி இறுகும். காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தபடி எஞ்சினை ஸ்ராட் பண்ணுங்கள். கால் மெல்ல ஒரு அங்குலம்போலக் கீழே இறங்கினால் வெற்றிடம் வருகிறது. அசையாமல் நின்றால் வரவில்லை. பிறகு பம்பிலிருந்து பூஸ்ரருக்குப் போகும் றப்பர்க் குழாயைத் தடவிப் பாருங்கள், வெடிப்பு இருக்கும். இந்தக் குழாயை மாற்றுவது மலிவான வேலை, ஆனால் பலர் அதைப் பார்க்காமல் பூஸ்ரரையே வாங்கிவிடுகிறார்கள்.

பற்றரி வாங்குவதற்கு முன் ஒரு மல்ரிமீற்றர்

பற்றரிக் கடைக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். நீங்கள் செத்த பற்றரியைக் கொண்டுபோனீர்கள், அவர் புதியதைத் தந்தார். ஆனால் அரைகுறையாகச் சார்ஜ் ஆகிற பற்றரி தட்டுகளில் படிவு பிடித்துச் சில மாதத்தில் செத்துப்போகும். மூன்றாவதும் அப்படியே போகும். மல்ரிமீற்றர் ஒன்று வாங்குங்கள், அது பற்றரி விலையில் ஒரு சின்னப் பங்கு. வோல்ற் அளக்கிற இடத்தில் வைத்து மூன்று இலக்கம் எழுதுங்கள்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் விடிய, ஸ்ராட் பண்ணமுதல்: 12.6 வந்தால் பற்றரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. எஞ்சின் ஓடும்போது: 13.8க்கும் 14.5க்கும் இடையில் இருக்கவேண்டும். பிறகு பெரிய லைற்றையும் ஏசிக் காற்றாடியையும் போட்டு, அக்சிலேற்றரைக் கொஞ்சம் மிதித்துப் பாருங்கள். 13க்குக் கீழே விழுந்தால் டைனமோ அல்லது பெல்ற். 15க்கு மேலே போனாலும் நல்லதல்ல, பற்றரித் தண்ணீர் கொதித்து வற்றிவிடும்.

டைனமோ நன்றாக இருந்தால் ஏர்த் வயரைப் பாருங்கள். பற்றரியின் கழித்தல் முனையிலிருந்து எஞ்சினுக்கும் பொடிக்கும் போகிற தடித்த வயர் அது. எங்கள் ஊர் வண்டிகளில் பாதி "கரண்ட் பழுது" அந்த வயரின் நுனியில்தான் இருக்கிறது. முல்லைத்தீவுக் கடற்கரைக்கு மீன் ஏற்றப் போகிற வண்டி என்றால் உப்புக்காற்று அதைப் பச்சைப் பூஞ்சணமாக்கிவிடும். மீற்றரின் ஒரு முள்ளைப் பற்றரிக் கழித்தல் முனையிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்து, ஒருவரை ஸ்ராட் பண்ணச் சொல்லுங்கள். 0.2 வோல்ற்றுக்குக் கிட்ட நிற்கவேண்டும். அரை வோல்ற்றைத் தாண்டினால் அந்த இணைப்பைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, கிறீஸ் பூசி இறுக்குங்கள். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

அத்தான் செய்ததாக நீங்கள் எழுதிய ஒன்று எனக்குக் கவலையாக இருந்தது. எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றி "டைனமோ வேலை செய்யுதா" என்று பார்த்திருக்கிறார். பழைய காலத்து டைனமோவுக்கு அது ஒருவேளை பொருந்தியிருக்கும். இப்போதுள்ள டைனமோவுக்குள் டயோட்டுகள் இருக்கின்றன. பற்றரி இல்லாமல் ஓடினால் வோல்ற் திடீரென்று ஏறி அவற்றை எரித்துவிடும். அவருடைய அக்கறை பெரியது, ஆனால் இனி அந்தச் சோதனை வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள்.

யானைக்காக முன்னுக்குப் பூட்டிய இரண்டு ஸ்பொட் லைற்றும் அப்படித்தான். 100 வாற் பல்ப் இரண்டு என்றால் 17 அம்பியர் போல இழுக்கும். அதை, சுவிச்சுக்குப் பதிலாகப் பெரிய கரண்டைத் தாங்குகிற றிலே இல்லாமல், உள்ளே இருக்கும் சுவிச்சுக்கே மெல்லிய வயரால் கொடுத்திருக்கிறீர்கள். பியூஸ் எரிந்தபோது 30 அம்பியர் பியூஸ் போட்டீர்கள். பியூஸ் எரிவது வயரைக் காப்பாற்றத்தான். பெரிய பியூஸ் போட்டால் அடுத்தது வயர் எரியும், அது டாஷ்போட்டுக்குப் பின்னால் எரியும். றிலேயும் தடித்த வயரும் போடும்வரை அந்த லைற்றைக் கழற்றி வையுங்கள்.

சூடு ஏறினால் உடனே ஹெட் போனதாகாது

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. வீதியில் 60இல் போகும்போது முள் நடுவில் நிற்கிறது, வயல் பாதையில்தான் ஏறுகிறது என்கிறீர்கள். வேகமாகப் போகும்போது காற்று தானே ரேடியேற்றருக்குள் அடிக்கும். மெதுவாக, பாரத்தோடு போகும்போது காற்றாடியை மட்டும் நம்பவேண்டும். அதனால் நான் முதலில் பெல்ற்றையும் காற்றாடிக் கிளட்சையும் ரேடியேற்றரின் முகத்தையும் பார்ப்பேன். இப்போது காலபோக அறுவடை முடிந்த நேரம். சூடடித்த களத்தால் போய்வந்த வண்டிகளின் ரேடியேற்றருக்கும் ஏசித் தட்டுக்கும் இடையில் நெற்சப்பி தலையணைப் பஞ்சுபோல அடைந்திருக்கும். முன்னுக்கிருந்து பார்த்தால் தெரியாது. எஞ்சின் பக்கமிருந்து வெளிநோக்கி, மெல்லிய தண்ணீரால் கழுவுங்கள். பிரஷர் அடித்தால் மெல்லிய தகடுகள் மடியும்.

ஹெட்டுக்கு அடியில் இருக்கிற கஸ்கெற் தகடு போயிருந்தால் வேறு அடையாளங்கள் இருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்து ஸ்ராட் பண்ணினால் அதில் தொடர்ந்து குமிழி வரும். ஒயில் தடியில் பால்தேத்தண்ணி நிறம் தெரியும். வெள்ளைப் புகை விடாமல் வரும், தண்ணீர் எங்கே போகிறதென்று தெரியாமல் குறையும். இதில் எதையும் நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கு எஞ்சின் மாற்றச் சொன்னவர் இவற்றைப் பார்த்துத்தான் சொன்னாரா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அமுங்குகிறதென்று காட்டுகிற கம்பிரஷன் மீற்றர் வைத்து நாலு சிலிண்டரின் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தரத் தயங்கினால் வேறு இடம் போங்கள்.

தெர்மோஸ்ராற்றைக் கழற்றாதீர்கள். எஞ்சின் சூடாகும்வரை ரேடியேற்றருக்குத் தண்ணீரை விடாமல் வைத்திருக்கிற வால்வு அது. எஞ்சினைச் சூடாக்குகிற சாமான் என்று பலர் நம்புகிறார்கள். குளிர்ந்த டீசல் எஞ்சின் எரிபொருளைச் சரியாக எரிக்காது, தேய்மானமும் கூடும். பல எஞ்சின்களில் அது இல்லாவிட்டால் தண்ணீர் குறுக்குவழியால் ரேடியேற்றருக்குப் போகாமலே திரும்பிவிடும். சந்தேகமென்றால் கழற்றி ஒரு சட்டித் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதிக்க முன்னரே அது திறப்பதை உங்கள் கண்ணால் பார்க்கலாம். திறக்காவிட்டால் புதியது போடுங்கள்.

இன்னொன்று, கிணற்றுத் தண்ணீர். உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள். அந்த வெள்ளைப் படிவுதான் ரேடியேற்றர்க் குழாய்க்குள்ளும் ஏறுகிறது. கூலன்ற் விடுங்கள். அவசரத்துக்கென்றால் மழைத் தண்ணீரைக் கானில் பிடித்து வையுங்கள்.

நாலு சில்லும் இழுக்க

இது பழுதே இல்லாமல் இருக்கலாம். முன்சில்லு இரண்டின் நடுவிலும் திருகுகிற ஹப் இருக்கும். கியர் தடியைப் போடுவதோடு இறங்கி இரண்டு ஹப்பையும் லொக் பக்கம் திருப்பவேண்டும். ஒன்று மட்டும் திரும்பி மற்றது சேற்றில் இறுகி ஃப்ரீயில் நின்றாலும் முன்பக்கம் இழுக்காது. கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய கிறீஸ் பூசினால் பல ஹப்புகள் திரும்பிவிடும்.

தடி இறுகியதற்குக் காரணம், இரண்டு ஹப்பும் லொக்கில் நின்ற வேளையில், நீங்கள் எழுதிய அந்த மழைநாளில் மாங்குளம்வரை தார்வீதியில் நாலு சில்லுக் கியரிலேயே ஓட்டியது. இந்த வகை வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் இடையே, சில்லுகளை வேறு வேறு வேகத்தில் சுற்றவிடுகிற டிபரென்சல் கிடையாது. வளைவில் முன்சில்லு ஓடும் தூரம் வேறு, பின்சில்லு ஓடும் தூரம் வேறு. மண்ணிலென்றால் சில்லு வழுக்கிச் சமப்படுத்தும். தாரில் வழுக்க இடமில்லாமல் தண்டுகள் முறுகி நிற்கும். நேராகச் சில மீற்றர் பின்னுக்கு எடுத்தால் முறுக்கு அவிழ்ந்து தடி வந்துவிடும். மண், சேறு, மணல் தவிர வேறெங்கும் நாலு சில்லு வேண்டாம்.

தண்ணீரில் நின்றால்

எஞ்சின் மறுபடி இயங்கியது உங்கள் அதிர்ஷ்டம். அடுத்த தடவை அதை நம்பாதீர்கள். காற்றுக்குழாயால் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், ஸ்ராட் பண்ணும்போது பிஸ்ரனுக்கு அதை அமுக்க முடியாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்ரனைப் பிடித்திருக்கிற கொனெக்ரிங் ரொட் வளையும், எஞ்சின் அன்றோடு முடியும். நடுத்தண்ணீரில் நின்றால் சாவியைத் தொடாமல் இழுத்து எடுங்கள். கரையில், சிலிண்டர்களில் திருகியிருக்கும் ஹீற்றர் பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்றினால் உள்ளிருக்கும் தண்ணீர் துளைகளால் பீறிட்டு வெளியே போகும்.

காற்று ஃபில்ரரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. பெட்டியைத் திறந்து பாருங்கள். காகிதம் நெளிந்து, சேற்று வரி இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. கம்பிரஷன் பார்க்காமல் தூரப் பயணம் வேண்டாம். டிபரென்சல் ஒயிலையும் பாருங்கள். ஓடிச் சூடான டிபரென்சல் குளிர் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்றுச் சுருங்கி, மூச்சுக்குழாயாலும் சீலாலும் தண்ணீரை உறிஞ்சும். ஒயில் பால் நிறத்தில் வந்தால் முன்னும் பின்னும் மாற்றுங்கள். அந்த மூச்சுக்குழாய்க்கு ஒரு றப்பர்க் குழாய் பூட்டி மேலே ஏற்றிவிடலாம், அரை நாள் வேலை.

2018 மார்கழியில் இரணைமடு வான் பாய்ந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு அடி ஆழத்தில் ஓடுகிற தண்ணீர் பிக்கப்பையும் இழுத்துக்கொண்டு போகும். நாலு சில்லு அதற்கு மருந்தில்லை. பாலம் தெரியாவிட்டால் திரும்புங்கள். ஆனால் வெள்ளத்துக்காகப் பழக்கமில்லாத காட்டுப் பாதையால் சுற்றவும் வேண்டாம். கண்ணிவெடி என்று எச்சரிக்கிற சிவப்பு மண்டையோட்டுப் பலகை எங்கே இருந்தது, எங்கே விழுந்துவிட்டது என்று தெரியாத இடங்களில் வண்டியை வெளியே எடுக்கக் கல்லுத் தேடி இறங்குவது ஆபத்து.

விற்பதா, எஞ்சின் மாற்றுவதா

இரண்டும் இப்போது வேண்டாம். பெல்ற், வக்யூம் குழாய், டைனமோச் சீல், ஏர்த், ரேடியேற்றர் கழுவல் என்று எல்லாம் சேர்ந்தாலும் எஞ்சின் மாற்றும் காசில் ஒரு சிறு துண்டுதான். இவ்வளவும் செய்தபிறகும் கம்பிரஷன் ஒரு சிலிண்டரில் மட்டும் குறைவாக வந்தால், அப்போது எஞ்சினைப் பற்றி யோசிக்கலாம். எஞ்சின் மாற்றினால் புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியவேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள். உங்கள் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கமும் எஞ்சினில் வெட்டியிருக்கும் இலக்கமும் இப்போதே ஒன்றுதானா என்றும் பாருங்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் இதைப் பார்க்காமல் விட்டு, விற்கும் நாளில் மாட்டுப்படுகிறார்கள்.

விற்பதென்று முடிவெடுத்தாலும் பிறேக்கைச் செய்துவிட்டு விற்றுவிடுங்கள். வாங்குகிறவரும் வீட்டில் ஒருவரை ஏற்றிக்கொண்டுதான் போவார்.

இந்தக் கிழமை வேலையை இப்படி எடுங்கள். இன்று பூஸ்ரர்ச் சோதனையும் பெல்ற்றும். நாளை விடிய மீற்றரோடு மூன்று இலக்கம். காற்று ஃபில்ரரும் டிபரென்சல் ஒயிலும் சனிக்கிழமை. இலக்கங்களை அப்படியே எழுதி அனுப்புங்கள், அடுத்து என்ன செய்வதென்று அவற்றை வைத்துச் சொல்கிறேன். அம்மாவின் அடுத்த கிளினிக் நாள் அதற்குள் வந்தால் ஓட்டோ பிடியுங்கள், இல்லையென்றால் முல்லைத்தீவு பஸ்ஸில் கூட்டிப் போங்கள்.